‘கடலை மட்டும் காட்டு’ என்கிறார் அம்மா

கேள்வி: எனக்கு 43 வயது. கணவர், இரண்டு பிள்ளைகளுடன் டொரண்டோவில் வசிக்கிறேன். அம்மாவுக்கு 72. யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டியில் பிறந்து, அங்கேயே திருமணமாகி, அங்கேயே எங்களைப் பெற்றவர். 1990 ஜூனில் ஷெல் அடி தொடங்கியபோது அடுப்பிலிருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது எட்டு வயது, அண்ணாவுக்குப் பன்னிரண்டு. முதலில் மல்லாகம், 1995இல் சாவகச்சேரி, பிறகு கொழும்பு, கடைசியில் கனடா. அப்பா ஊரைத் திரும்பப் பார்க்காமலே இங்கே காலமாகிவிட்டார். அம்மாவையாவது அழைத்துப் போகலாம் என்று வருகிற கோடை விடுமுறைக்குத் திட்டமிட்டிருக்கிறேன். அம்மா சம்மதித்தார், ஆனால் ‘வீட்டுப் பக்கம் வேண்டாம், எனக்குக் கடலை மட்டும் காட்டு’ என்கிறார். ஊரிலுள்ள சித்தியின் மகன் படம் அனுப்பியிருக்கிறான். இராணுவத்திடமிருந்து எங்கள் காணி விடுபட்டுவிட்டது. வீடு இல்லை, கிணறும் ஒரு வேப்பமரமும்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு இன்னும் அந்தப் படத்தைக் காட்டவில்லை. அங்கே போய் நேரில் பார்த்தால் மனம் மாறுவார், ஆறுதல் அடைவார் என்று நம்புகிறேன். லண்டனில் இருக்கும் அண்ணா, ‘புண்ணைக் கிளறாதே, வேறு எங்காவது கடற்கரைக்குக் கூட்டிப்போ’ என்கிறார். அம்மாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. கனடா தின வாணவேடிக்கைச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிட்டு எழும்புவார். யார் சொல்வது சரி?

– ஒரு வாசகி, டொரண்டோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கடலைக் காட்டச் சொல்கிறார், கடலைக் காட்டுங்கள். ‘நேரில் போனால் மனம் மாறுவார்’ என்ற எண்ணத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். பிள்ளைகள் தங்களை எதற்கோ தயார்ப்படுத்துகிறார்கள் என்பது முதியவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதன்பிறகு கடற்கரையில்கூட நிம்மதியாக உட்கார மாட்டார்கள். ‘அடுத்து எங்கே கொண்டுபோகப் போகிறார்கள்’ என்றே யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

உளவளத்துணையில், குறிப்பாக இடம்பெயர்ந்த முதியவர்களோடு, நீண்ட காலமாக வேலை செய்கிறேன். ‘ஊருக்கே வரமாட்டேன்’ என்பவரும் ‘கடல் மட்டும் போதும்’ என்பவரும் ஒரே நிலையில் இல்லை. உங்கள் அம்மா தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று தானே அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் இப்படி அளந்து சொல்ல எத்தனை தடவை இடம் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். 1990 ஜூனில் எப்போது கிளம்புவது, எதை எடுப்பது, எதை விடுவது என்பதை ஷெல்தான் தீர்மானித்தது. 1995 அக்டோபர் 30 இரவு உங்கள் ஊர் அடங்கிய வலிகாமமே மழையில் எழுந்து சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோதும் அவரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இப்போதுதான் ஊர் விஷயத்தில் எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த முடிவை நீங்கள் அன்பினாலேயே மாற்றினாலும், இன்னொரு முறையும் தன்னைக் கேட்காமல் கொண்டுபோனார்கள் என்றுதான் அவர் உணர்வார்.

இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வழக்கத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வருவது. அம்மா பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருப்பதைப் பார்த்தால், அது அவருடைய தாய் தகப்பன் அவருக்கு எழுதிக் கொடுத்த வீடாக இருக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு அது எட்டு வயதுவரை வளர்ந்த வீடு. அவருக்கோ தன் பெயரில் இருந்த வீடு. அதன் முன்னால் போய் நிற்பதா வேண்டாமா என்பது அவர் ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டிய விஷயம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்தப் படம். வீடு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது என்ற நிலையோடு நீங்கள் பயணம் போகக்கூடாது. ஊரில் இறங்கிய முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். சந்தையில் மீன் வாங்க நின்றால், ‘அக்கா, உங்கள் வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டார்களே’ என்று பழைய அயலவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். வீடு போன செய்தியோடு, மகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்ற செய்தியும் சேர்ந்தே வந்து விழும். அந்த இரண்டாவது அடியைத் தவிர்ப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தொலைபேசியிலோ, காரிலோ, பிள்ளைகளுக்கு முன்னாலோ வேண்டாம். இரவிலும் வேண்டாம்; இரவில் கேட்ட செய்தி தூக்கத்தைக் கெடுக்கும். ஓய்வான ஒரு காலை வேளையில், அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது நீங்களும் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கைக்கு வேலை இருந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. அழவேண்டுமென்றால் குனிந்துகொண்டே அழலாம். நேராகச் சொல்லுங்கள்: ‘அம்மா, ஊரில் எங்கள் காணி விடுபட்டிருக்கிறது. வீடு இல்லை, இடித்துவிட்டார்கள். கிணறும் வேம்பும் இருக்கின்றன. தம்பி படம் அனுப்பினான், என்னிடம் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்.’ அதற்குமேல் எதுவும் சொல்லாதீர்கள். ‘பரவாயில்லை அம்மா, நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்தானே’ என்று உடனே ஒட்டுப் போடாதீர்கள். படத்தை நீங்களாகத் திறந்து நீட்டவும் வேண்டாம். அவர் ஒன்றும் பேசாமல் கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்து போகலாம். அதுவும் ஒரு பதில்தான்.

என் ஊகத்தைச் சொல்வதானால், அவருக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலை 3ஆம் தேதி விடுவிக்கப்பட்டபோது, 27 ஆண்டுகளாக முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வெளிநாடுகளிலும் காத்திருந்த ஊரார் அத்தனை பேரும் அந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். டொரண்டோவில் மயிலிட்டிக்காரர் ஒருவரின் கல்யாண வீட்டுக்கோ செத்த வீட்டுக்கோ போய் வந்த ஒரு பெண்மணி, தன் ஒழுங்கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேள்விப்படாமலா இருந்திருப்பார்? உங்களைக் காப்பாற்ற அவர் மறைக்கிறார், அவரைக் காப்பாற்ற நீங்கள் மறைக்கிறீர்கள். இப்படி ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே சாப்பாட்டு மேசையில் இருக்கும் தாயையும் மகளையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். உண்மை வெளியே வந்ததும் முதலில் தெரிவது துக்கம் அல்ல, பாரம் இறங்கிய அயர்ச்சி.

உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், அதாவது ஊராரை உள்ளே விடாமல் இராணுவம் வைத்திருந்த பகுதிக்குள், போன வீடுகளின் கொடுமை தனி வகையானது. எரிந்துபோன வீட்டுக்கு அழுது தீர்க்கலாம். முட்கம்பிக்கு அப்பால் இருந்த வீடோ இருக்கிறது என்றும் இல்லை, போய்விட்டது என்றும் இல்லை. போலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து இத்தகைய நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கினார். சாவு உறுதியானால் சடங்கு செய்யலாம். உறுதியாகாதபோது துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது. அவர் மனிதர்களைப் பற்றிச் சொன்னதை எங்கள் ஊர்களில் வீடுகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் அனுபவம். ‘வீடு இல்லை’ என்ற தெளிவான வாக்கியம் அம்மாவுக்கு வலிக்கும். ஆனால் இத்தனை வருடமாகத் தொடங்க முடியாத துக்கம் அதிலிருந்து தொடங்கலாம். நீங்கள் எதிர்பார்க்கும் ஆறுதலும் அந்த வழியாகத்தான் வரும். இடிபாட்டின் முன்னால் திடீரென்று நிறுத்துவதால் வராது.

அடுத்தது, எந்த வழியாகப் போவது என்ற விஷயம். இது சின்ன விஷயம் அல்ல. சென்னையிலிருந்து உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பலாலிக்கு நேரடி விமானம் இருக்கிறது. 2019 அக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமானது. 72 வயதுக்காரருக்கு அலைச்சல் குறையும் என்று பயண முகவர் சொல்வார். ஆனால் நீங்கள் இத்தனை காலம் ஊருக்குத் திரும்ப முடியாமல் போனதே அந்த விமானத் தளத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் போட்டதால்தான். அம்மா முதல் காலடியை அந்த ஓடுபாதையில் வைப்பதா? சிலருக்கு அது பொருட்டே இல்லை. சிலருக்கு அந்த இடத்திலேயே உடல் நடுங்கிவிடும். அவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரிவு இருந்தால் கொழும்பில் இறங்கி இரண்டு நாள் களைப்பாறிவிட்டுப் பகல் ரயிலில் கூட்டிப்போவேன். காங்கேசன்துறை வரையான பாதை 2015 ஜனவரியில் மறுபடி திறக்கப்பட்டது. புறப்படும் முன் நேர அட்டவணையை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் உப்பு வெளி. பிறகு பனை. யாழ்ப்பாணம் தாண்டியதும் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று அவர் வாய்க்குப் பழகிய பெயர்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் வந்து நிற்கும். எந்த நிலையத்தில் அவர் பேச்சை நிறுத்துகிறார், எந்த நிலையத்தில் பேசத் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். முடிவில் ரயில் நிற்கும் இடத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான்.

கோடை விடுமுறையில் போவது நல்ல தெரிவு. ஜூலை, ஆகஸ்டில் சோளகம் வீசும். தென்மேற்குக் காற்று என்பதால் வடகரைக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். டிசம்பரில் போயிருந்தால் வாடைக் காற்றில் அதே கடல் கரையில் ஏறி அடித்துக்கொண்டிருக்கும், மழையும் நுளம்பும் சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் நான் சொல்வதைவிட அம்மா சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். மயிலிட்டியில் வளர்ந்தவருக்குக் காற்றின் பெயரும் நீரோட்டமும் படித்து வந்தவை அல்ல. உங்கள் பயணத்தில் அவர் நோயாளியாகவோ, பார்வையாளராகவோ இருக்கக்கூடாது. அவருக்குத் தெரிந்த உலகம் அது. அங்கே நீங்கள்தான் அவர் பின்னால் போகிறீர்கள்.

அதற்கு ஒரு வழி, விடுதிக்குப் பதிலாகச் சமையலறை உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது. காங்கேசன்துறைக் கரையோரமாக வசதியான தங்குமிடங்கள் இருக்கின்றன. ஆனால் இராணுவ நிர்வாகத்தில் விடுமுறை விடுதி நடந்துவந்த கரையும் அதுதான். பதிவு செய்யும் முன் அது யார் நடத்துவது, யாருடைய காணி என்று விசாரியுங்கள். அயலவரின் வளவில் கட்டிய அறையில் அம்மாவைப் படுக்கவைக்க உங்களுக்கே மனம் வராது. தெல்லிப்பழை, அளவெட்டி, சுன்னாகம் பக்கம் ஒரு வீடு கிடைத்தால் போதும், கடல் பக்கத்தில்தான்.

விடியற்காலையில் மயிலிட்டித் துறைக்குப் போங்கள். படகுகள் கரைக்கு வரும் நேரம் அது. அம்மாவின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் நான்கடி பின்னால் நில்லுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்து, ‘இது நேற்றையது’ என்று ஒரு விளைமீனைத் தள்ளி வைப்பார். ஒட்டியையும் ஓராவையும் பேர் சொல்லிக் கேட்பார். விலை பேசும்போது குரல் மாறும். டொரண்டோவில் நீங்கள் கேட்டிராத குரலாக இருக்கும். அந்த மீனை வாங்கி வந்து சமைக்கட்டும். ஒருநாள் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். ஒடியல் மாவும் நண்டும் இறாலும் மரவள்ளியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சந்தையில் கிடைக்கும். பேரப்பிள்ளைகள் பனையோலைப் பிளாவில் குடிக்கட்டும். நினைவு மூளையில் மட்டும் இருப்பதில்லை. கேள்வி கேட்டால் வராத கதை, உறைப்பைச் சரிபார்க்கக் கூழை உள்ளங்கையில் விட்டு நக்கும்போது தானாக வரும். அப்போது கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள். உங்கள் மூத்த பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மா பேசுவதைப் பதிவு செய்ய ஆசை இருந்தால், கேட்டு அனுமதி வாங்கி, குரலை மட்டும் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகள் தண்ணீரில் விளையாட காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போகலாம். ஆழம் குறைவு, நெடுந்தூரம் நடந்து போகலாம், அம்மா சவுக்கு நிழலில் உட்கார்ந்திருக்கலாம். அதற்கு ஒரு நாள் போதும்.

கீரிமலையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். ஆடி அமாவாசை உங்கள் விடுமுறைக்குள்தான் வரும். தகப்பனை இழந்தவர்கள் கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் செய்யும் நாள் அது. மாவிட்டபுரம் கந்தசுவாமி தீர்த்தமாட வருவதும் அன்றுதான். கடலுக்கு இரண்டு எட்டில் நன்னீர் ஊற்று, ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மதிலால் மறைத்த ஒரு கேணி. அப்பா ஊரைப் பார்க்காமலே போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் அம்மாவின் துக்கம் மட்டும் இல்லை, உங்களுடையதும் இருக்கிறது. அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை அந்தக் கரையில் செய்வது உங்கள் குடும்பத்துக்கு வீட்டைப் பார்ப்பதைவிடப் பெரிய விஷயமாக அமையலாம். ஆனால் அன்று சனம் அலைமோதும். வெடிச்சத்தமும் இருக்கும், வாணவேடிக்கைக்குத் திடுக்கிடுபவரை அந்தக் கூட்டத்தில் நிறுத்த வேண்டாம். நீங்கள் போய் வாருங்கள். அம்மா வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சமையலைப் பார்க்கட்டும். கூட்டம் கலைந்தபின் வேறொரு நாள் காலையில் அவரைக் கேணிக்குக் கூட்டிப்போங்கள். படிகள் பாசி பிடித்து வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி, அண்ணா. அவர் சொல்வதில் பாதி சரி. கிளறக்கூடாது என்பது சரி. வேறு கடற்கரை போதும் என்பது தவறு; அம்மா கேட்டது ஒரு கடலை, ஏதோ ஒரு கடற்கரையை அல்ல. ஆனால் அவரை வாதாடி வெல்ல முயலாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஷெல் அடிக்குள் ஓடும்போது பார்த்ததும் தூக்கிச் சுமந்ததும் எட்டு வயதுத் தங்கை பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். ‘அம்மாவின் புண்’ என்று அவர் சொல்வதில் தன்னுடையதும் சேர்ந்திருக்கலாம். வரும்படி ஒருமுறை கேளுங்கள். பிதிர்க்கடன் செய்ய வேண்டிய மகன் என்று சொல்லி நெருக்காதீர்கள். வரவில்லை என்றால், ‘உனக்காக எதையாவது பார்த்து வரட்டுமா?’ என்று மட்டும் கேளுங்கள். பள்ளிக்கூடமா, விளையாடிய மணலா, ஒன்றும் வேண்டாமா – அவர் சொல்லட்டும்.

உங்களைப் பற்றியும் பேச வேண்டும். வீட்டைப் பார்க்க ஆசைப்படுவது நீங்கள். அம்மாவுக்கு ஆறுதல் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்பிலிருந்து சோற்றை இறக்கி வைத்த அந்தக் குசினியின் தரையில் ஒருமுறை நிற்க வேண்டும் என்ற தவிப்பு எட்டு வயதில் வெளிக்கிட்ட உங்களுக்குத்தான் இருக்கிறது. அதில் எந்தத் தவறும் இல்லை. அது அம்மாவின் ஆசை அல்ல என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் வழி எளிது: நீங்கள் போங்கள். சித்தி மகனோடு ஒரு காலையில் போய் வாருங்கள். ஒளித்துப் போக வேண்டாம். ‘அம்மா, நான் வளவைப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் வர வேண்டியதில்லை’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அறிந்த ஒரு முதியவர், விடுபட்ட காணிக்குப் போய் எல்லையும் தெரியாமல், வேலியும் இல்லாமல், பற்றைக்குள் நின்று இது என் வளவே இல்லை என்று சாதித்தார். கிணற்றுக் கட்டில் பாசியைச் சுரண்டியபோது அவர் தகப்பன் சீமெந்தில் விரலால் எழுதிய ஆண்டு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினார். அழவில்லை. ஒரு வாளி கேட்டார். தண்ணீர் அள்ளி முகம் கழுவிக்கொண்டு, போகலாம் என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. அவரும் முதலில் வரமாட்டேன் என்றவர்தான். ஆனால் யாரும் வற்புறுத்தவில்லை. ஊருக்கு வந்து சில நாள் கழித்துத் தானாகவே கேட்டார்.

அதனால் உங்கள் பயணத் திட்டத்தில் நடுவில் இரண்டு நாளை ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். கடைசி நாளாக இருக்க வேண்டாம். கடைசி நாளில் பார்த்ததைச் சுமந்துகொண்டு உடனே விமானத்தில் ஏற நேரிடும். அம்மா தானாக ‘ஒருக்கால் அந்தப் பக்கம் போவோமா’ என்றால், காலை வெயில் ஏறும் முன் போங்கள். நீங்களும் அவரும் சாரதியும் போதும்; பிள்ளைகள் வேண்டாம், உறவினர் கூட்டம் வேண்டவே வேண்டாம். வாகனத்திலிருந்து இறங்க மறுத்தால் இறக்காதீர்கள். இறங்கினால் கிணற்றுக் கட்டில் சாய விடாதீர்கள், பழைய கட்டுகள் உடைந்திருக்கும். கண்ணிவெடி அபாயத்தைக் குறிக்கும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் பாதையை விட்டு ஓர் அடியும் விலகக்கூடாது. இராணுவ முகாம்களைப் படம் எடுக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் முன்பே சொல்லி வையுங்கள். அம்மா கேட்கவே இல்லை என்றால், வெறும் இரண்டு நாளும் கடற்கரையில் கழியட்டும்.

அழுகைக்குப் பயப்படாதீர்கள். கடலைப் பார்த்து அவர் அழுதால் பக்கத்தில் இருங்கள், போதும். கவனிக்க வேண்டியது வேறு. பார்வை எங்கோ நிலைகுத்தி, வியர்த்து, நீங்கள் கூப்பிடுவது காதில் விழாததுபோல் இருந்தால் அவர் நினைவுகூரவில்லை, அந்த நேரத்துக்கே போய்விட்டார் என்று பொருள். அப்போது என்ன நடந்தது என்று கேள்வி கேட்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘அம்மா, நான் உங்கள் மகள். நாங்கள் கனடாவிலிருந்து வந்திருக்கிறோம். சண்டை முடிந்துவிட்டது’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். காலை ஈர மணலில் ஊன்றச் சொல்லுங்கள், ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள். இரத்தத்தில் சீனி குறைந்தாலும் இதேபோல வியர்வையும் தடுமாற்றமும் வரும் என்பதால் உடனே சோதித்துப் பாருங்கள். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பிட மறுக்கிறார், ‘இங்கேயே போய்ச் சேர்ந்துவிடுகிறேன்’ என்கிறார் என்றால் தாமதிக்க வேண்டாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தமிழிலேயே பேசிப் பார்ப்பார்கள்.

உடல்நலத்தில் வழக்கமான கவனங்கள் போதும். மருந்துகளையும் இன்சுலினையும் கைப்பையில் வையுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடக்க வையுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் வெளியேற்றும் மாத்திரை எடுக்கிறாரா என்று குடும்ப வைத்தியரிடம் கேட்டு, யாழ்ப்பாண வெயிலுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊருக்குப் போனதும் காணிப் பேச்சு வரும். காணி உறுதிப் பத்திரம் எங்கே, யாருக்கு எழுதுவது, விற்பதா, வேலி அடைப்பதா என்று உறவினர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள். இந்தப் பயணத்தில் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். அம்மாவைக் கையெழுத்து வாங்கக் கூட்டி வந்தார்கள் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் கடலும் அவருக்குக் கசந்துவிடும். சித்தி மகனிடம் இப்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்தபின் சில வாரம் அவர் பேச்சுக் குறைந்து, அறைக்குள்ளேயே இருக்கக்கூடும். மறுபடியும் ஒருமுறை ஊரை விட்டு வந்திருக்கிறார். அதற்கு அவகாசம் வேண்டும். அந்த வாரங்களில் நீங்கள் வேலைக்கு ஓடிவிடாமல், மாலையில் சிறிது நேரம் அவரோடு சமையலறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் குடும்ப வைத்தியரைப் பாருங்கள்.

முதல் வேலை அம்மாவிடம் வீட்டைப் பற்றிச் சொல்வது. சொன்னபிறகு சில நாள் பொறுத்து, ‘இப்போதும் போக விருப்பமா அம்மா?’ என்று மறுபடியும் கேளுங்கள். அவர் ஆம் என்றால் விமானச் சீட்டை எடுங்கள்.